மகள் அனுப்பும் இடுபணிகள் ஆசிரியைக்குப் போய்ச் சேரவில்லை: அவசர உதவி தேவை

செம்பனைக்காட்டு அம்மா | 12.7.2021, இரவு 9.42

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பட்டணத்திலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு தோட்டத்தில் வசிக்கிறோம். என் மகள் தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படிக்கிறாள். கோவிட் தொற்றினால் பள்ளி மூடியிருப்பதால் எல்லாப் பாடமும் வீட்டிலிருந்துதான் நடக்கிறது. நாள் தவறாமல் பயிற்சிகளைச் செய்து அனுப்புகிறாள். நானும் பக்கத்தில் அமர்ந்து பார்க்கிறேன். ஆனால் மூன்று வாரங்களாக ஒன்றுகூட வரவில்லை என்று வகுப்பாசிரியை இன்று அழைத்துச் சொன்னார். பிள்ளை அழுதபடியே தூங்கிவிட்டாள். இது எதனால் நடக்கிறது? நாளைக் காலைக்குள் சரிசெய்ய வழியிருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.

கணினிக்கடைத் தம்பி | இரவு 9.51

அக்கா, “அனுப்புகிறாள்” என்று மட்டும் சொன்னால் எதையும் கண்டுபிடிக்க முடியாது. எதன் வழியாக அனுப்புகிறாள்: புலனக் (வாட்ஸ்அப்) குழுவிலா, கூகுள் கிளாஸ்ரூமிலா, கூகுள் படிவத்திலா? கைப்பேசியா, மடிக்கணினியா? அனுப்பிய பிறகு திரையில் என்ன வாசகம் வருகிறது? அந்தக் கருவியில் எத்தனை மின்னஞ்சல் கணக்குகள் உள்ளன? இந்த நான்கையும் முதலில் சொல்லுங்கள்.

அலைக்கம்பம் | இரவு 9.58

தோட்டம் என்றாலே அலைவரிசைதான் காரணம், வேறொன்றும் தேடவேண்டாம். இந்த ஆண்டு இறுதிக்குள் 3ஜி சேவையை நாடு முழுவதும் நிறுத்தப்போகிறார்கள். ஜென்டெலா என்ற தேசிய இணைய மேம்பாட்டுத் திட்டத்தின்கீழ் அந்த வேலை நடந்துகொண்டிருக்கிறது. கைப்பேசி பழையதாக இருந்தால் 4ஜி கிடைக்காமல், பாதி அனுப்பியதும் இணைப்பு அறுந்துவிடும். பிள்ளையை வீட்டுக்குள் உட்கார வைக்காமல் மேட்டுப்பக்கம், கோயில் திடல் போன்ற இடத்திற்கு அழைத்துச் சென்று அனுப்பச் சொல்லுங்கள்.

மூன்றுபிள்ளைத் தகப்பன் | இரவு 10.05

எத்தனை மணிக்கு அனுப்புகிறார்கள் என்று சொல்லவில்லையே. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் நாள்தோறும் தரும் 1 ஜிபி இலவசத் தரவு காலை 8 மணியிலிருந்து மாலை 6 மணி வரைக்கும்தான். மாலையில் வேலை முடிந்து வந்து பிள்ளையுடன் உட்காரும் பெற்றோர் பலருக்கு இது தெரிவதில்லை. எங்கள் வீட்டில் இரண்டு மாதம் இப்படித்தான் ஏமாந்தோம்.

திண்ணை வாத்தியார் | இரவு 10.20

இந்த மன்றத்தில் இதே மாதிரியான கேள்விக்கு நான் பலமுறை பதில் எழுதியிருக்கிறேன். தேடிப் பார்க்கும் பொறுமைதான் யாருக்கும் இல்லை. முன்பு பள்ளிகளுக்கு ஃப்ராக் என்ற இணையக் கற்றல் தளம் ஒன்று இருந்தது. 2019-இல் அது முடிந்துபோனது. 2020 ஜூனில் கல்வியமைச்சின் டெலிமா தளம் வந்தது. மாணவர் ஒவ்வொருவருக்கும் ‘எம்’ என்ற எழுத்தில் தொடங்கும் எண்ணும் அதற்கென ஒரு மின்னஞ்சல் முகவரியும் கொடுக்கப்பட்டிருக்கின்றன. அதை விட்டுவிட்டுத் தாயாரின் சொந்த ஜிமெயிலில் நுழைந்தால் பள்ளி வகுப்பறை கதவைத் திறக்காது என்பது ஒரு சின்ன விஷயம். பெற்றோர் முதலில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். அதன் பிறகு கேள்வி கேட்கலாம்.

செம்பனைக்காட்டு அம்மா | இரவு 10.41

அனைவருக்கும் நன்றி. வீட்டில் என்னுடைய கைப்பேசி ஒன்றுதான் இருக்கிறது. கணவருடையது பொத்தான் அழுத்தும் பழைய வகை. ஆசிரியை காலையில் புலனக் குழுவில் இணைப்பைப் போடுவார். மகள் அதைத் தொடுவாள், கேள்விகள் திறக்கும், பதில் எழுதி முடிப்பாள். உங்கள் பதில் பதிவாகிவிட்டது என்று மலாயில் ஒரு வரி வரும். இதெல்லாம் பகல் பத்து மணிக்குள் முடிந்துவிடும். அலைவரிசையும் நன்றாகத்தான் இருக்கிறது, மகனுக்குக் கூகுள் மீட் ஓடுகிறது. வாத்தியார் ஐயா, டெலிமா கணக்கைத்தான் போட்டிருக்கிறோம். ஜிமெயிலை இதற்கு நான் பயன்படுத்துவதில்லை.

அலைக்கம்பம் | இரவு 10.46

மீட் ஓடுகிறது என்பதற்காக எல்லாம் ஓடும் என்று சொல்ல முடியாது. பதிவேற்றமும் பதிவிறக்கமும் வேறு வேறு. மேட்டுப்பக்கம் போய் ஒருமுறை முயன்று பாருங்கள்.

கணினிக்கடைத் தம்பி | இரவு 10.52

அண்ணன், கேள்விப்படிவம் ஒன்றை அனுப்ப மிகச் சிறிதளவு தரவு போதும்; நேரலை வகுப்பைத் தாங்கும் இணைப்பு அதைத் தாராளமாகத் தாங்கும். மேலும், பதிவாகிவிட்டது என்ற வரி வந்துவிட்டால் அது கூகுளிடம் போய்ச் சேர்ந்துவிட்டது என்றே பொருள். அக்கா, “மகனுக்கு மீட்” என்று இப்போதுதான் சொல்கிறீர்கள். ஒரே கைப்பேசியில் இரண்டு பிள்ளைகளா?

பெ.ஆ.ச. (பெற்றோர் ஆசிரியர் சங்கம்) செயலவை | இரவு 11.03

எனக்கு இதில் அடிப்படைக் கேள்வி ஒன்று இருக்கிறது. ஒரே கைப்பேசியுள்ள வீட்டுக்கு இயங்கலைப் (ஆன்லைன்) படிவத்தை அனுப்பிவிட்டு, “வரவில்லை” என்று பிள்ளையைக் கண்டிப்பது முறையா? கல்வியமைச்சின் பிடிபிஆர் (வீட்டிலிருந்து கற்றல் கற்பித்தல்) கையேட்டிலேயே இயங்கலை, இணையமில்லாத முறை, வேறிடத்தில் கற்கும் முறை என்று மூன்று வழிகள் சொல்லப்பட்டிருக்கின்றன. எங்கள் பள்ளியில் திங்கட்கிழமைதோறும் பயிற்றிகளை அச்சிட்டுக் காவலாளி கொட்டகையில் வைத்துவிடுகிறோம். பெற்றோர் பட்டணத்திற்குச் சாமான் வாங்க வரும்போது எடுத்துக்கொண்டு, சென்ற வாரத்துக் கட்டைத் திருப்பி வைக்கிறார்கள். ஒரு பிள்ளைகூட விடுபடவில்லை.

திண்ணை வாத்தியார் | இரவு 11.11

தாளைக் கொட்டகையில் வைத்துவிட்டால் பாடம் நடந்துவிட்டதாக நினைப்பவர்கள் இருக்கும்வரை தமிழ்ப்பள்ளி முன்னேறாது. திருத்திய தாள் பிள்ளையின் கைக்குத் திரும்பிவர ஒரு வாரம் ஆகிறது. அதற்குள் தான் செய்த தவறே அதற்கு மறந்துபோகும். படிவம் என்றால் அந்த நிமிடமே விடை தெரியும்.

பீடோர் டீச்சர் | இரவு 11.24

நான் ஒரு தமிழ்ப்பள்ளியில் கற்பிக்கிறேன்; வாத்தியார் ஐயாவின் கருத்தை முழுமையாக ஏற்க என்னால் முடியவில்லை. படிவத்தில் எது சரி, எது தவறு என்பது மட்டும் தெரியும். வகுத்தல் கணக்கில் பிள்ளை எந்தப் படியில் சறுக்கியது என்பதை அதன் கையெழுத்தில்தான் பார்க்க முடியும். அதற்காகப் பிள்ளைகளிடம் தாளைப் படம் எடுத்துப் புலனத்தில் அனுப்பச் சொன்னேன். ஒரே இரவில் அறுபது எழுபது படங்கள் வந்து குவிந்தன. பாதி தலைகீழாக இருந்தன, சிலவற்றில் பெயரே இல்லை. என் கைப்பேசி மூச்சுத் திணறி நின்றுவிட்டது. இப்போது வாரத்தில் இரண்டு நாள் படிவம், ஒரு நாள் தாள், இணைப்பே இல்லாத மூன்று வீடுகளுக்கு இரவில் தொலைபேசி அழைப்பு என்று பிரித்துக்கொண்டேன். அந்த அழைப்பில் பத்து நிமிடம் வாசிக்கச் சொல்லிக் கேட்பது மற்ற எல்லாவற்றையும்விடப் பயன் தருகிறது என்பது என் அனுபவம்.

மூன்றுபிள்ளைத் தகப்பன் | இரவு 11.30

பிப்ரவரி 17-இலிருந்து டிடிக் டிவி என்ற கல்வித் தொலைக்காட்சி ஓடுகிறதே, அதற்கு இணையமே வேண்டாமே.

பெ.ஆ.ச. செயலவை | இரவு 11.37

தொலைக்காட்சி பாடம் சொல்லும். இந்தப் பிள்ளை உட்கார்ந்து படித்தாளா என்று பள்ளிக்குச் சொல்லாது. கருவி கொடுக்காமல் வேறு எதைக் கொடுத்தும் பயனில்லை. 2021 வரவு செலவுத் திட்டத்தில் 500 பள்ளிகளைச் சேர்ந்த 150,000 மாணவர்களுக்கு மடிக்கணினி என்று அறிவித்தார்கள். எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் அதைக் கண்ணால் பார்த்தவர்கள் இருந்தால் சொல்லட்டும்.

திண்ணை வாத்தியார் | இரவு 11.45

மடிக்கணினி வந்தாலும் அதைத் திறக்கத் தெரியவேண்டுமே.

பெ.ஆ.ச. செயலவை | இரவு 11.49

தோட்டத்துப் பெற்றோரைப் பற்றி இந்த ஏளனம் வேண்டாம், ஐயா. பால்மரக் (ரப்பர்) காலத்திலிருந்து மாதச் சம்பளத்தில் பிடித்துக் கொடுத்துப் பள்ளிக்குக் கூரை போட்டவர்கள் அவர்கள்தாம்.

கணினிக்கடைத் தம்பி | 13.7.2021, காலை 6.15

இரவு நடந்த வழக்கை இப்போதுதான் படித்தேன். கேள்வி கேட்ட அக்காவை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். அக்கா, இரண்டு செய்திகள் தேவை. மூன்று வாரத்திற்கு முன்பு கைப்பேசியில் ஏதாவது மாற்றம் செய்தீர்களா? மகனுக்கு ஏதாவது தொல்லை வருகிறதா?

செம்பனைக்காட்டு அம்மா | காலை 6.40

ஆமாம், தம்பி. பழைய கைப்பேசி தண்ணீரில் விழுந்துவிட்டது. ஜூன் 20 வாக்கில் கொழுந்தனார் தம்முடையதைக் கொடுத்தார். அதில் முதலில் மகனுடைய கணக்கைப் போட்டோம், அவன் இரண்டாம் ஆண்டு. பிறகு மகளுடையதையும் சேர்த்தோம். மகனுக்கு இருப்பது வேறு பிரச்சினை, அதை இங்கே சொல்லவேண்டாம் என்று விட்டுவிட்டேன். காலையில் வருகைப் பதிவுக்குப் பள்ளி முழுவதற்கும் ஒரே படிவம் வரும். மகள் முதலில் நிரப்புவாள். பிறகு அவன் திறந்தால், நீங்கள் ஏற்கெனவே பதில் அளித்துவிட்டீர்கள் என்று வருகிறது. அவனுடைய டீச்சர் ஒன்றும் சொல்லாததால் நானும் விட்டுவிட்டேன்.

பீடோர் டீச்சர் | காலை 6.52

அம்மா, அது வேறு பிரச்சினை அன்று. விடையே அதில்தான் இருக்கிறது. கைப்பேசியில் முதலில் போட்ட கணக்கு மகனுடையது. புலனத்தில் வரும் இணைப்பைத் தொட்டால் அது உலாவியில் திறக்கும். யார் தொட்டாலும் உலாவி முதலில் நுழைந்த கணக்கையே எடுத்துக்கொள்ளும். மகனும் அதே அமைச்சின் கணக்கு வைத்திருப்பதால் படிவம் மறுக்காமல் அனுமதித்துவிடுகிறது. உங்கள் சொந்த ஜிமெயிலாக இருந்திருந்தால், அனுமதி இல்லை என்று அன்றைக்கே தடுத்திருக்கும். நீங்களும் அன்றைக்கே கேட்டிருப்பீர்கள். ஆகவே, மூன்று வாரமாக மகள் எழுதிய விடைகளும் வருகையும் மகனுடைய எண்ணில்தான் பதிவாகியிருக்கின்றன. படிவம் ஆசிரியருக்குக் காட்டுவது மின்னஞ்சல் முகவரியை மட்டுமே. டெலிமா முகவரியில் பெயர் இருக்காது, எண் மட்டுமே இருக்கும். கிளாஸ்ரூமிற்குள் புள்ளிகளை இழுத்துக்கொண்டு பட்டியலைப் பார்க்கும் என்னைப் போன்றவர்களின் கண்ணில் அந்த அந்நிய எண் படவே படாது. மகளுக்கு நேரே வெற்றிடம்தான் தெரியும்.

கணினிக்கடைத் தம்பி | காலை 7.04

டீச்சர் சொன்னது சரி. இப்போது செய்யவேண்டியது இதுதான், அக்கா. புலனத்தில் வரும் இணைப்பை மகள் தொடவேண்டாம். கிளாஸ்ரூம் செயலியைத் திறந்து, மேலே வலது மூலையில் உள்ள வட்டத்தைத் தொட்டு மகளின் கணக்கிற்கு மாறி, அங்கிருந்தே படிவத்தைத் திறக்கச் சொல்லுங்கள். வருகைப் படிவம் புலனத்தில் மட்டுமே வருமென்றால், அது திறந்ததும் தலைப்பின் அருகில் எந்த முகவரி தெரிகிறது என்று பார்க்கவேண்டும். அங்கேயே கணக்கை மாற்றுவதற்கான சொல்லும் இருக்கும். தினமும் மாற்றுவது தொல்லை என்றால் எளிய வழி ஒன்று உண்டு: குரோம் தம்பிக்கு, ஃபயர்ஃபாக்ஸ் அக்காவுக்கு. ஃபயர்ஃபாக்ஸில் மகளின் கணக்கில் மட்டும் நுழைந்துவிட்டு, இணைப்பை நகலெடுத்து அங்கே ஒட்டினால் போதும். செய்த வேலை எதுவும் காணாமல் போகவில்லை. மகனுடைய ‘எம்’ எண்ணை மகளின் ஆசிரியைக்குக் கொடுத்தால் விடைத்தாளில் அந்த வரிகளை அவரே தேடி எடுத்துக்கொள்வார்.

திண்ணை வாத்தியார் | காலை 7.30

கணக்குதான் காரணம் என்று நான் இரவு 10.20-க்கே எழுதிவிட்டேன்.

பெ.ஆ.ச. செயலவை | காலை 7.33

தாயாரின் ஜிமெயில் என்றல்லவா எழுதினீர்கள்?

அலைக்கம்பம் | காலை 8.10

இருந்தாலும் மேட்டுப்பக்கம் ஒருமுறை முயன்றிருக்கலாம்.

செம்பனைக்காட்டு அம்மா | மதியம் 1.25

அதேதான். டீச்சர் தேடிப் பார்த்தார். மகனுடைய எண்ணில் பதினொரு பயிற்சிகள் இருந்தன, ஒன்பதுக்கு முழுப்புள்ளி. எல்லாவற்றையும் மகள் பெயருக்கு மாற்றிவிடுவதாகச் சொன்னார். மகனுக்கு இன்று ஏழு மணிக்கே வருகைப் படிவம் திறந்தது. தம்பிக்கும் பீடோர் டீச்சருக்கும் மிக்க நன்றி. மீட் தொடங்கிவிட்டது, கைப்பேசியைக் கொடுக்கவேண்டும்.

பீடோர் டீச்சர் | மதியம் 1.40

மகிழ்ச்சி. அம்மா, இன்னும் ஒன்று மட்டும் கேட்கவேண்டும்: இந்த மூன்று வார வருகைப் பதிவில் மகள் வரவில்லை என்று இருக்கும், அதையும் திருத்தச் சொல்லிவிட்டீர்களா?