புதுப்பிப்பு: வைப்ரஃபோனில் தனியாக வாசிப்பது
வைப்ரஃபோனில் (உலோகப் பட்டைகளைக் கோலால் தட்டி வாசிக்கும் கருவி) கைக்கு இரண்டாக நான்கு கோல்களில் மெட்டையும் கார்டையும் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) சேர்த்து வாசித்தால் ஒலியெல்லாம் கலந்து கூழாகிறது என்று மூன்று மாதங்களுக்கு முன் இங்கே எழுதியிருந்தேன். "சுரங்களைக் குறை, பெடலை மட்டும் நம்பாதே" என்றீர்கள் (பெடலை மிதித்தால் சுரங்கள் நீண்டு ஒலிக்கும், விட்டால் எல்லாமே நிற்கும்). இரண்டும் பலித்தன.

இப்போது இடக்கையில் கார்டின் மூன்றாம், ஏழாம் சுரங்கள் மட்டும். மெட்டு வலக்கையின் வெளிக்கோலில். டி மைனர் செவன்த் கார்டு என்றால் எஃப், சி. அடுத்து ஜி செவன்த் வரும்போது எஃப் அப்படியே நிற்க, சி அரைச்சுரம் இறங்கி பி ஆகிறது. மூன்று ஆக்டேவ் (ஸ்தாயி) கருவியின் அடிச்சுரமே அந்த எஃப்தான். அதற்குக் கீழே இடமில்லை என்ற வருத்தம் எனக்கு இப்போது இல்லை.

கடினமானது, ஒலிக்கும் ஒரு சுரத்தை மட்டும் கோலால் அடக்குவதுதான். பெடல் மிதித்தபடியே இருக்கும். இடது உள்கோல் பி-யைத் தட்டும் அதே நொடியில், வலது உள்கோல் சி-யின் மேல் அழுந்தி அதை நிறுத்த வேண்டும். கோலின் நூல் சுற்றிய தலை பட்டையில் 'டக்' என்று மோதவே கூடாது. ஈரத்துணியை ஒற்றுவதுபோல் வைக்க வேண்டும். இதற்கே ஐந்து வாரங்கள் பிடித்தன.

தருமபுரியில் எங்கள் வீடு நெடுஞ்சாலையை ஒட்டியது. லாரிகள் ஓயும் சிறு இடைவெளிகளில்தான் அந்த எஃப் கடைசிவரை கேட்கிறது. நேற்று முழுப் பாடலையும் நிற்காமல் வாசித்தேன். அம்மா அடுப்பைச் சிறிதாக்கிவிட்டு வந்து வாசலில் நின்று கேட்டார்.

அடுத்து வேகமான பாடல். யோசனை இருந்தால் சொல்லுங்கள்.