மதுரை வெயிலில் பெரணி வளர்ப்பவர்கள் உதவுங்களேன்

வணக்கம் நண்பர்களே. வீட்டின் வடக்குப் பக்கம், மாமர நிழலில் பெரணித் (ஃபெர்ன்) தோட்டம் ஒன்று வைத்திருக்கிறேன். போஸ்டன், பறவைக்கூடு, மெய்டன்ஹேர் என மூன்று வகைகள் இருக்கின்றன. மண் கலவையில் தென்னை நார்க்கழிவு, மட்கிய இலை, கொஞ்சம் மணல். நார்க்கழிவில் உப்பு இருக்கும் என்பதால் நன்றாக அலசித்தான் போட்டேன்.

பறவைக்கூடு அருமையாக வருகிறது. அதன் நடுக்குழியில் ஊற்றாமல் ஓரமாகவே தண்ணீர் விடுகிறேன், இல்லையென்றால் அழுகிவிடும். போஸ்டனின் இலை நுனிகள்தான் பழுப்பாகின்றன. ஓரத்தில் மெல்லிய கோடாகத் தொடங்கி அப்படியே உள்ளே பரவுகிறது. மெய்டன்ஹேர் இன்னும் மோசம். சித்திரை வந்தாலே இலைகள் அப்பளம் மாதிரி நொறுங்குகின்றன.

எங்கள் போர் தண்ணீர் உப்பு. வாளியில் வெள்ளையாகப் படிகிறது. காரணம் அதுவா, வறண்ட காற்றா? மழைநீர் சேர்த்து வைத்து ஊற்றுபவர்களுக்கு வித்தியாசம் தெரிந்ததா? காற்றில் ஈரம் கூட, தொட்டிக்கு அடியில் தட்டில் கூழாங்கல்லும் தண்ணீரும் வைத்தால் இந்த வெயிலுக்குப் போதுமா?

அப்புறம், போஸ்டன் இலையின் அடியில் இரண்டு பக்கமும் வரிசையாகப் பழுப்புப் புள்ளிகள் இருக்கின்றன. ஒழுங்காக இருப்பதால் பெரணி இனம் பெருக்கும் வித்துத்தூள் (ஸ்போர்) பைகள் என்றே நினைக்கிறேன். ஆனால் தண்டிலும் இரண்டு மூன்று ஒட்டியிருக்கின்றன, நகத்தால் சுரண்டினால் பெயர்ந்து வருகின்றன. அவை செதில் பூச்சியா? வேப்பெண்ணெய் தெளித்தால் பெரணியின் மெல்லிய இலை தாங்குமா? தெளித்துப் பார்த்தவர்கள் அளவோடு சொல்லுங்கள்.