மேம்பாலம் ஏறும்போது மட்டும் கடகடச் சத்தம்: எஞ்சினைப் பிரிக்கத்தான் வேண்டுமா?

குளச்சல்காரன்:
அனைவருக்கும் வணக்கம். 2014ஆம் ஆண்டு வாங்கிய, 92,000 கிலோமீட்டர் ஓடிய பெட்ரோல் கார் என்னுடையது. குளச்சலிலிருந்து நாகர்கோவிலுக்கு நாள்தோறும் வேலைக்குப் போய்வருகிறது. ஒரு மாதமாக, பார்வதிபுரம் மேம்பாலத்தில் மூன்றாம் கியரில் ஆக்சிலரேட்டரை மிதித்து ஏறும்போது, முன்பக்கத்தின் அடியிலிருந்து தகரம் அதிர்வது போன்ற ஒரு கடகடச் சத்தம் எழுகிறது. காலை எடுத்தால் உடனே நின்றுவிடுகிறது. சமதளத்தில் மெல்ல வேகம் கூட்டினால் வருவதில்லை. ஆயில் அளவு சரியாக உள்ளது, எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை. ஓர் ஒர்க்‌ஷாப்பில் வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்காமல், உள்ளே தேய்மானம் இருக்கும், பிரித்தால்தான் தெரியும் என்று சொல்லிவிட்டார்கள். அதற்குமுன் நானே சோதித்துப் பார்க்கக்கூடியது ஏதேனும் உண்டா?

தக்கலை ஓட்டுநர்:
வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, எஞ்சின் சூடான பிறகு மெதுவாக ரேஸ் கொடுத்துப் பாருங்கள். நின்ற நிலையிலும் சத்தம் வந்தால் அது எஞ்சினிலோ சைலன்சரிலோ அல்லது பெல்ட்டிலோ இருக்கும். நின்ற நிலையில் வராமல் சுமை ஏறும்போது மட்டும் வந்தால் தேட வேண்டிய இடம் வேறு. மேலும், ஏற்றத்தில் கியரைக் குறைக்காமல் மூன்றிலேயே இழுக்கிறீர்களா? எஞ்சின் திணறும்போது, பெட்ரோல் உரிய நேரத்திற்கு முன்பே எரிந்து, கண்ணாடிப் புட்டியில் கோலிக்குண்டுகளைக் குலுக்கியதைப் போன்ற சத்தம் வரும். இரண்டாம் கியரில் ஏறினால் அது மறைகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

மார்த்தாண்டம் பழைய மெக்கானிக்:
தம்பி, பிரிக்க வேண்டாம், முதலில் கேளுங்கள். நாற்பது ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், சத்தம் எப்போது வருகிறது என்பதைக் கேட்காமல் ஸ்பேனரைக் கையிலெடுப்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

ஆழத்திலிருந்து டொக், டொக் என்று வந்து, வேகம் கூடக்கூட அதுவும் வேகமாகி, ஆயில் விளக்கும் மின்னினால் அது எஞ்சினுக்குள் பிஸ்டனோடு இணைந்த தண்டின் பேரிங்காக, அதாவது கனெக்டிங் ராடு பேரிங்காக இருக்கலாம். அப்படியானால் அந்த இடத்திலேயே எஞ்சினை நிறுத்திவிட்டு வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டுதான் போக வேண்டும். உங்களுடையது தகரச் சத்தம். சைலன்சர் குழாயின் மேல் வெப்பத்தைத் தடுக்க ஒரு மெல்லிய தகடு, அதாவது ஹீட் ஷீல்டு, போல்ட்டுகளில் பிடித்திருக்கும். குளச்சல், மணவாளக்குறிச்சி போன்ற கடற்கரை ஊர்களில் ஓடும் வண்டிகளில் உப்புக்காற்றால் அந்தப் போல்ட்டுகளின் சுற்றுப்புறம் துருப்பிடித்துத் தகடு தளர்ந்துவிடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். எஞ்சின் முழுவதுமாக ஆறிய பிறகு அதைக் கையால் தட்டிப் பாருங்கள்.

ஆனால் தகடு ஆடுகிறது என்று தெரிந்ததும் அத்துடன் நிறுத்திவிடாதீர்கள். முன்சக்கர இயக்கமுள்ள வண்டியில், மிதித்தவுடன் எஞ்சினின் மேற்பகுதி பின்னோக்கிச் சாயப் பார்க்கும். அதைப் பிடித்து நிறுத்துவது அடியிலுள்ள மவுண்டின், அதாவது எஞ்சினை வண்டியோடு பிணைக்கும் தாங்கியின், ரப்பர். அது கிழிந்திருந்தால் எஞ்சினோடு சைலன்சர் குழாயும் அசைந்து பக்கத்திலுள்ள எதிலேனும் இடிக்கும். பானெட்டைத் திறந்து வைத்து, கைப்பிரேக்கையும் கால்பிரேக்கையும் அழுத்திப் பிடித்து, முதல் கியரில் கிளட்ச்சை ஒரு கணம் மட்டும் மெல்ல விடுங்கள். பின்பு ரிவர்ஸிலும் அவ்வாறே செய்யுங்கள். உதவிக்கு நிற்பவர் வண்டியின் பக்கவாட்டில்தான் நிற்க வேண்டும், முன்னாலோ பின்னாலோ நிற்கவே கூடாது. எஞ்சின் சற்று அசைவது இயல்பு; துள்ளி எழுந்து விழுந்தால் மவுண்ட் போய்விட்டது என்று பொருள்.

குலசேகரம் ரப்பர்:
இதனுடன் ஒன்றைச் சேர்க்கிறேன். ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பிக்கொண்டு போகும்போது டிக் டிக் என்று வந்தால் அது முன்சக்கரத்தைச் சுழற்றும் தண்டான டிரைவ் ஷாஃப்டின் வெளி ஜாயிண்ட். உறை கிழிந்து கிரீஸ் வெளியேறியிருக்கும். பேச்சிப்பாறைப் பக்கத்துச் சாலைகளில் என் வண்டிக்கு அதுதான் நேர்ந்தது. உங்கள் விவரத்தைப் படித்தால் அது போலத் தெரியவில்லை. என்றாலும் அடியில் பார்க்கும்போது அந்த ரப்பர் உறைகளையும் பார்த்துவிடுங்கள்.

குளச்சல்காரன்:
மூவருக்கும் நன்றி. இரண்டாம் கியரில் ஏறியபோதும் சத்தம் வந்தது, நியூட்ரலில் ரேஸ் கொடுத்தபோது வரவில்லை. வேறொரு மெக்கானிக்கிடம் வண்டியைத் தூக்கிப் பார்த்தோம். அண்ணாச்சி சொன்னது போலவே ஹீட் ஷீல்டில் ஒரு போல்ட்டின் சுற்றுப்புறம் துருப்பிடித்து அரித்திருந்தது. பெரிய வாஷர் வைத்து இறுக்கினார்கள். எல்லாம் முடிந்தது என்று மகிழ்ந்து ஐந்து நாள் ஓட்டினேன், ஆறாம் நாள் அதே மேம்பாலத்தில் அதே சத்தம், சற்றுக் குறைவாக. பிறகுதான் கிளட்ச் சோதனையைச் செய்து பார்த்தோம். முதல் கியரில் எஞ்சின் பின்னோக்கி நன்றாகவே சாய்ந்தது. கீழ் மவுண்டின் ரப்பர் நடுவில் பிளந்திருந்தது. அதை மாற்றிய பிறகு, கடந்த இரண்டு வாரங்களாகச் சத்தமில்லை. எஞ்சினில் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றவில்லை.

மார்த்தாண்டம் பழைய மெக்கானிக்:
மகிழ்ச்சி, தம்பி. கீழ் மவுண்ட் போன வண்டியில் மேல் மவுண்டும் கூடுதல் பாரத்தைத் தாங்கியிருக்கும். அடுத்த சர்வீஸில் அதன் ரப்பரிலும் வெடிப்பு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். சைலன்சரைத் தொங்கவிட்டிருக்கும் ரப்பர் வளையங்களையும் அப்போதே பார்த்துவிடலாம். அவற்றின் விலையும் அதிகமில்லை.