கலைச்சொல்: கண்டறிதலில் சில மெய்நிகர் இயந்திரங்களை விட்டுவிடுவதற்கு என்ன சொல்?

வணக்கம்.

கண்காணிப்பு மென்பொருள் ஒன்றின் இடைமுகத்தைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். 'எக்ஸ்குளூட்' (கணக்கில் சேர்க்காமல் விடுவது) என்ற ஒரு சொல்லிலேயே ஒரு வாரமாக நிற்கிறேன். போன மடலுக்குப் பதில் எழுதியவர்களுக்கு நன்றி. நீங்கள் தந்த சொற்களையெல்லாம் திரையில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். மெய்நிகர் இயந்திரம் என்பது ஒரு கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கிய இன்னொரு கணினி. அவற்றை நிர்வகிப்பது விஎம்வேரின் விசென்டர். நம் மென்பொருள் குறித்த நேரத்துக்கு ஒருமுறை விசென்டரிடம் கேட்டு, அங்குள்ள மெய்நிகர் இயந்திரங்களைத் தானே கண்காணிப்பில் சேர்த்துக்கொள்ளும். இதற்குத் 'தானியக்கக் கண்டறிதல்' என்று முன்பே முடிவு செய்தோம். ஆனால் அங்கிருக்கும் எல்லா இயந்திரமும் நமக்கு வேண்டியதில்லை. விசென்டர் அடங்கிய விஸ்பியர் தொகுப்பில், 2020-இல் வந்த 7.0-இன் முதல் மேம்படுத்தலிலிருந்து, ஒவ்வொரு கொத்திலும் (சேர்ந்து இயங்கும் சேவையகங்களின் குழுவிலும்) 'விசிஎல்எஸ்' என்று பெயர் தொடங்கும் குட்டி இயந்திரங்கள், அதிகபட்சம் மூன்று, தாமாகவே முளைக்கின்றன. அணைத்தாலும் அழித்தாலும் விசென்டர் மறுபடி கொண்டுவந்துவிடும். அவற்றில் நாம் செய்ய ஒன்றுமில்லை. நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் இவற்றைப் பட்டியலிலேயே விட்டிருந்தோம். பராமரிப்பு நடக்கும் இரவுகளில் 'இயந்திரம் நின்றது' என்று எச்சரிக்கைகள் வந்து குவியும். ஒருநாள் அந்தக் குவியலுக்குள் தரவுத்தள இயந்திரத்தின் உண்மையான எச்சரிக்கையும் கிடந்தது. காலையில்தான் பார்த்தோம். இந்தச் சொல்லில் நான் இவ்வளவு நேரம் செலவிடுவதற்கு அதுதான் காரணம்.

> 'நீக்கு' என்றே போடலாமே, எல்லாருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தவறாகப் புரியும். அதே திரையில் 'டெலிட்' பொத்தானுக்கு 'நீக்கு' இருக்கிறது. நாம் செய்வது இயந்திரத்தைத் தொடுவதே இல்லை. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், நம் கணக்கில் மட்டும் வராது.

> 'ஒதுக்கு'?

இரண்டு வரி தள்ளி 'நினைவக ஒதுக்கீடு' வருகிறது. வேண்டாம்.

> ஞாயிறு நீங்கலாக என்கிறோமே, அதிலிருந்து 'நீங்கல்', 'நீங்கல் பட்டியல்' என்று எடுக்கலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். யாரும் யாரையும் வெளியே தள்ளவில்லை, எண்ணும்போது எண்ணவில்லை என்ற பொருள் அழகாக வந்துவிடுகிறது. இரண்டு நாள் இதையே வைத்திருந்தேன். அப்புறம் சிறிய எழுத்துருவில் 'நீங்கல் பட்டியல்' பக்கத்தில் 'நீக்கல் பட்டியல்' போட்டுப் பார்த்தேன். ஒரு மெல்லெழுத்துதான் வித்தியாசம். இரவு மூன்று மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் படிப்பவருக்கு ஒன்று 'கண்காணிக்காதே', மற்றது 'அழித்துவிடு'. மனமில்லாமல்தான் கைவிட்டேன்.

'புறனடை' என்று எழுதிய ஐயாவுக்கு: தொல்காப்பியத்திலும் நன்னூலிலும் புறனடை நூற்பா, சொல்லாமல் விட்டதையும் இவ்வாறே கொள்க என்று உள்ளே சேர்த்துக்கொள்ளத்தான் வருகிறது. நமக்கு வேண்டியது நேர் எதிரானது.

ஆகவே 'விலக்கு'. வரிவிலக்கு பெற்றவர் ஊரிலேயே இருக்கிறார், சம்பாதிக்கிறார், வரி மட்டும் அவரைத் தொடுவதில்லை. நம் இயந்திரத்தின் நிலையும் அதுவே. 'மதுவிலக்கில் மதுவையே அல்லவா விலக்குகிறோம்' என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. இங்கே முன்னால் வருவது 'கண்டறிதல்' என்ற செயல் என்பதால் வரிவிலக்கின் வழியில்தான் வாசகர் படிப்பார் என்று நினைக்கிறேன்.

ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். சுருக்கமாக இருக்கட்டும் என்று 'கண்டறிவிலக்கு' என்று சேர்த்து எழுதியிருந்தேன். என் மனைவி திரையைப் பார்த்துவிட்டு, "கண்டறிவு இலக்கா?" என்று கேட்டார். கண்டறி + விலக்கு என்று நான் எழுதியது, கண்டறிவு + இலக்கு என்றும் பிரிகிறது! புரோமிதியஸ் போன்ற கண்காணிப்புக் கருவிகளில் கண்காணிக்கப்படுவதன் பெயரே 'டார்கெட்', அதாவது இலக்கு. விலக்க வேண்டியதைக் குறிவைத்தது போல ஆகிவிடும். எனவே எங்கும் சேர்க்காமல் 'கண்டறிதல் விலக்கு' என்றே எழுதுவோம். பொத்தானில் 'விலக்கு', பட்டியலுக்கு 'விலக்குப் பட்டியல்', இயந்திரத்தின் பக்கத்தில் 'விலக்கு பெற்றது'.

இன்னும் ஒன்று தீரவில்லை. சாபிக்ஸ் என்ற கண்காணிப்பு மென்பொருளில் ஏற்கெனவே கண்டறிந்த இயந்திரத்தைப் பிறகு வடிகட்டியால் விலக்கினால், மென்பொருள் அதை 'இனிக் கண்டறியப்படாதது' என்றுதான் எடுத்துக்கொள்ளும். உண்மையிலேயே அழிந்துபோன இயந்திரத்துக்கும் அதே நிலைதான். அமைப்பில் சொன்ன நாள் முடிந்ததும், அதுவரை சேர்த்த தரவோடு அதை அகற்றிவிடும். இந்த நிலைக்குத் 'தொலைந்தது' என்று முதலில் எழுதியிருந்தேன். நாமே விலக்கியதைத் தொலைந்தது என்பது பொய். 'காணப்படவில்லை' என்று மாற்றியிருக்கிறேன், இரண்டுக்கும் பொருந்துகிறது. ஆனால் 'காணவில்லை' என்ற சுவரொட்டி நினைவு வருகிறதோ என்று தயக்கம். இதைவிட நல்லது இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். அன்று இரவு தமிழாக்கிய சரங்களை (திரையில் வரும் சொற்களை) ஏற்றுகிறேன்.

அன்புடன்.