நகரத்துக்கு வெளியே முதல் வீடு: ஊரை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்?

முதல் வீடு வாங்க ஊர் ஊராகப் போய்ப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்காக எங்கள் கதையை எழுதுகிறேன். வாங்கியவர்கள், வாங்காமல் விட்டவர்கள் எல்லோரும் உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்.

நாங்கள் வாங்கி ஐந்து வருடம் ஆகிறது. வீட்டில் ஒரு குறையும் இல்லை. நல்ல காற்று, நல்ல வெளிச்சம், தொந்தரவு இல்லாத அக்கம்பக்கம். நாங்கள் சரியாகப் பார்க்காமல் விட்டது ஊரை.

எங்கள் இரண்டு பேர் சம்பளத்துக்கு வங்கி தரும் கடனில் நகரத்துக்குள் ஓர் அறை வீடுகூட அடங்கவில்லை. ரயில் பாதையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு நிலையமாக வெளியே போனோம். தள்ளிப் போகப் போக விலை இறங்கியது. எந்த நிலையத்தில் இரண்டு அறை வீடு எங்கள் கடனுக்குள் வந்ததோ, அங்கே நின்றுவிட்டோம். இப்போது நினைத்துப் பார்த்தால், அந்த ஊரை நாங்கள் தேர்ந்தெடுக்கவே இல்லை. கடன் வரம்பு கொண்டுபோய் இறக்கிவிட்ட இடம் அது.

வீடு பார்க்கப் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொரு மணி. நிலையத்திலிருந்து வண்டியில் 8 நிமிடம். ரயிலில் 50 நிமிடம். எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம்தான், சமாளித்துவிடலாம் என்று பேசிக்கொண்டே திரும்பினோம்.

குடிவந்த மறுநாள் திங்கட்கிழமை. வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன், பாதி வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. எங்கள் வீடு தண்டவாளத்துக்கு ஒரு பக்கம்; நிலையத்தின் வாசல், வண்டி நிறுத்துமிடம், நகரத்துக்குப் போகும் நடைமேடை எல்லாம் மறுபக்கம். கேட்டுக்கு இந்தப் பக்கம் நாற்பது ஐம்பது வண்டிகள் இன்ஜினை அணைத்துவிட்டு நின்றன. எல்லோரும் என்னைப் போல அலுவலகத்துக்குப் போகிறவர்கள். நான் பிடிக்க வேண்டிய ரயிலுக்காகவே கேட்டை மூடியிருந்தார்கள். என் கண்ணெதிரே அந்த ரயில் மெதுவாக நிலையத்துக்குள் போய் நின்றது. அப்புறம் எதிர்த்திசை ரயில் ஒன்று, அது போனதும் நீளமாக ஒரு சரக்கு ரயில். ஞாயிற்றுக்கிழமையின் 8 நிமிடம் அன்று 25 நிமிடம் ஆனது.

ஒரு வாரம் முழுக்க நேரத்தைக் குறித்து வைத்தேன். வீட்டைப் பூட்டும் நேரம், வண்டியை நிறுத்தும் நேரம், ரயில் ஏறும் நேரம், இறங்கிப் பேருந்துக்குக் காத்திருக்கும் நேரம், அலுவலக நாற்காலியில் உட்காரும் நேரம். சராசரி ஒரு மணி 40 நிமிடம். முன்பு வாடகை வீட்டிலிருந்து 40 நிமிடத்தில் போய்விடுவேன். ஆக ஒரு நடைக்கு ஒரு மணி நேரம் கூடுதல், நாளுக்கு இரண்டு மணி நேரம். வருடத்துக்கு 240 நாள் வேலைக்குப் போனால் 480 மணி நேரம். எட்டு மணி நேர வேலை நாளாகக் கணக்கிட்டால் 60 நாள். வருடத்தில் இரண்டரை மாதத்துக்கும் மேற்பட்ட வேலை நாட்களைக் கூடுதலாகப் பயணத்துக்கே கொடுக்கிறேன் என்று தெரிந்த அன்று மனசு ரொம்பக் கனத்துப் போனது.

இதைப் பற்றித் தேடிப் படித்தபோது இரண்டு விஷயங்கள் கண்ணில் பட்டன. செசாரே மார்கெட்டி என்ற இத்தாலிய இயற்பியலாளர் 1994இல் எழுதிய கட்டுரை ஒன்று. மனிதர்கள் நடந்து போன காலத்திலும் சரி, கார் வந்த பிறகும் சரி, ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தைத்தான் போக்குவரத்துக்குக் கொடுத்து வந்திருக்கிறார்கள் என்கிறார். வாகனத்தின் வேகம் கூடினால் ஊர் விரிகிறதாம், பயண நேரம் குறைவதில்லையாம். என் கணக்கு அதைப் போல மூன்று மடங்குக்கும் மேல். இன்னொன்று, அலோயிஸ் ஸ்டட்சர், புரூனோ ஃபிரை என்ற பொருளாதார அறிஞர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வு. தூரமாகப் போய் வருகிறவர்களுக்கு நல்ல வீடோ நல்ல சம்பளமோ அதை ஈடுகட்டும் என்றுதான் பொருளாதாரப் பாடம் சொல்கிறது. ஜெர்மனியில் குடும்பங்களிடம் ஆண்டுதோறும் எடுக்கப்படும் கணக்கெடுப்பை வைத்து இவர்கள் பார்த்தால், பயண நேரம் கூடக் கூட மக்களின் மனநிறைவு குறைந்தே இருந்தது. ஈடுகட்டும் என்று நம்பித்தான் நாங்களும் கையெழுத்துப் போட்டோம்.

இன்று யாராவது கேட்டால் ஒன்றைத்தான் கெஞ்சிச் சொல்வேன். முன்பணம் கொடுப்பதற்கு முன்னால், ஒரு வாரம் வேலை நாட்களில் அந்த வீட்டு வாசலிலிருந்து உங்கள் அலுவலக வாசல்வரை போய், மாலையில் திரும்பி வந்து பாருங்கள். விடுப்பு எடுத்தாவது செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமை பார்த்த ஊர் வேறு, திங்கட்கிழமை பார்க்கும் ஊர் வேறு.

* * *

அண்ணா, கேட் கதையைப் படித்ததும் என் கதையையும் சொல்லத் தோன்றியது. எனக்குக் காலை ரயிலில் பிரச்சினை இல்லை. காலையில் 15 நிமிடத்துக்கு ஒன்று ஓடும், மாலையிலும் அப்படித்தான். அட்டவணையில் அந்த இரண்டு நேரத்தை மட்டும் பார்த்துவிட்டு ஊரை முடிவு செய்தோம்.

ஒரு நாள் பதினொன்றேகால் மணிக்குப் பள்ளியிலிருந்து அழைப்பு. மகளுக்குக் காய்ச்சல், உடனே வந்து கூட்டிப் போங்கள் என்றார்கள். அப்படியே ஓடினேன். நிலையத்தில் பார்த்தால் அடுத்த ரயில் 12:50க்கு. பதினோரு மணி ரயில் அப்போதுதான் போயிருந்தது. நடுப்பகலில் எங்கள் ஊருக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு ரயில்தான் என்பது அன்றுதான் எனக்குத் தெரியும். வாடகைக் கார் பிடித்துப் போய்ச் சேரும்போது மகள் பள்ளி அலுவலக பெஞ்சில் பையைத் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஓர் ஆசிரியை உட்கார்ந்திருந்தார். அவர் எதுவும் சொல்லவில்லை. எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது.

பிள்ளை இருக்கிறவர்கள், பிள்ளை வேண்டும் என்று நினைப்பவர்கள், நடுப்பகல் ரயிலைப் பாருங்கள். ‘இப்போது அழைப்பு வந்தால் எத்தனை நிமிடத்தில் வீட்டுக்குப் போவேன்’ என்று காலை பத்து மணிக்கும், பகல் ஒரு மணிக்கும், மூன்று மணிக்கும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. என் கணவர் அப்புறம் வேலை மாறினார். புது அலுவலகம் நகரத்தின் அடுத்த கோடியில். எங்கள் ஊர் கிளைப் பாதையின் கடைசியில் இருப்பதால் எங்கே போவதானாலும் அதே ஒரு ரயில், அதே ஒரு வழி. இரண்டு பாதை கூடும் சந்திப்பு நிலையம் உள்ள ஊரில் அதே காலத்தில் ஒரு வீடு பார்த்தோம். கொஞ்சம் சின்னது, கொஞ்சம் விலை அதிகம் என்று விட்டுவிட்டோம். இருபது வருடக் கடன் கட்டுகிறவர் இருபது வருடமும் ஒரே அலுவலகத்தில் இருப்பார் என்று எப்படி நினைத்தோம் என்றே தெரியவில்லை.

* * *

எனக்கு மாலை ஷிப்ட். வேலை முடிய இரவு பத்தரை. கடைசி ரயில் 10:55. ஓடினால் பிடிக்கலாம். ஓட முடியாத நாளில் வாடகைக் கார்தான், அதற்கே ஒரு நாள் சம்பளத்தில் பெரும் பகுதி போய்விடும். கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று மட்டும் பார்க்காதீர்கள். அதற்கு முந்தைய ரயில் எத்தனை மணிக்கு, கடைசி ரயில் ரத்தானால் வேறு என்ன வழி என்றும் விசாரியுங்கள். நிலையத்திலிருந்து வீடுவரை தெருவிளக்கு எரிகிறதா என்று இரவு பதினொரு மணிக்கு ஒரு தடவை நடந்து பாருங்கள். பகலில் விளக்குக் கம்பம் மட்டும்தான் தெரியும்.

* * *

நான் வாங்கியது வரப்போகும் நிலையத்தை நம்பி. விற்றவர்கள் கையில் ஒரு வரைபடம் இருந்தது. அதில் எங்கள் மனைக்குப் பக்கத்தில் சிவப்புப் புள்ளி. “இங்கேதான் ஸ்டேஷன் வருகிறது, இப்போது வாங்கினால்தான் உண்டு” என்றார்கள். ஏழு வருடம் ஆகிவிட்டது, புள்ளி இன்னும் வரைபடத்தில்தான் இருக்கிறது. இத்தனைக்கும் ‘நிலையம் வருகிறது’ என்று அன்றே கூடுதல் விலை கொடுத்துத்தான் வாங்கினேன். வராத ரயிலுக்கு ஏழு வருடமாக வட்டி கட்டிக்கொண்டிருக்கிறேன்.

புதுப் பாதை என்றால் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். அறிவிப்பு வேறு, நிதி ஒதுக்கீடு வேறு. நிலம் எடுப்பது வேறு, தண்டவாளம் போடுவது வேறு. தண்டவாளம் போட்டுச் சோதனை ஓட்டம் நடக்கும்வரை, அந்த ரயில் இல்லை என்றே வைத்து முடிவு செய்யுங்கள். இன்றைக்கு ஓடுகிற பேருந்தில் உங்களால் போய் வர முடியும் என்றால் வாங்குங்கள். பாதை வந்தால் அது மேல் வரவு.

* * *

எல்லோரும் சொல்வது சரிதான். ஆனால் நகரத்துக்குப் பக்கத்தில் போனால் கடன் கூடுகிறது, தள்ளிப் போனால் பயணச் செலவு கூடுகிறது. இரண்டையும் எப்படி ஒப்பிடுவது? யாராவது கணக்குப் போட்டுப் பார்த்தீர்களா?

* * *

தம்பி, முதலில் கேட் கதை எழுதிய நான்தான். கணக்குப் போட்டுப் பார்த்தேன், வாங்கிய பிறகு. நீங்கள் வாங்குவதற்கு முன்னாலேயே போட்டுவிடுங்கள்.

8 விழுக்காடு வட்டியில் 20 வருடக் கடன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒரு ரூபாய் தவணை கட்ட முடிந்தால் சுமார் 120 ரூபாய் கடன் கிடைக்கும். எந்த நாட்டுப் பணமாக இருந்தாலும் விகிதம் இதேதான். அதனால் தள்ளியிருக்கும் ஊரில் மாதப் பயணச் செலவு எவ்வளவு கூடுகிறதோ, அதை 120ஆல் பெருக்குங்கள். சீசன் டிக்கெட், வண்டி நிறுத்தும் கட்டணம், பெட்ரோல், அவ்வப்போது பிடிக்கும் வாடகைக் கார் எல்லாவற்றையும் சேர்க்க வேண்டும். தூரத்து ஊர் இருப்பதால்தான் இரண்டாவது வண்டி வாங்க வேண்டும் என்றால் அதன் தவணையும் சேரும். பெருக்கி வரும் தொகையைத் தூரத்து வீட்டின் விலையோடு கூட்டிவிட்டு, அப்புறம் பக்கத்து வீட்டின் விலையோடு வைத்துப் பாருங்கள். எங்கள் விஷயத்தில் விலை வித்தியாசத்தில் முக்கால்வாசி அதிலேயே கரைந்துவிட்டது. மிச்சம் இருந்த கால்வாசிக்காகத்தான் வருடத்துக்கு 480 மணி நேரம்.

ஆனால் வங்கி இதைப் பார்க்காது. தவணை கட்ட வருமானம் போதுமா என்றுதான் பார்க்கும், ரயிலுக்கு எவ்வளவு போகிறது என்று எங்களை யாரும் கேட்கவில்லை. அதனால் பக்கத்து ஊருக்கான கடன் கிடைக்காமலும் போகலாம். அப்படியானால் சின்ன வீடாகப் பாருங்கள், இல்லை பழைய வீடாகப் பாருங்கள்.

இரண்டு விஷயத்தை மறக்க வேண்டாம். இதே கடனில் முதல் மாதத் தவணை 100 என்றால் அதில் கிட்டத்தட்ட 80 வட்டிக்கே போகும், அசலில் 20தான் கழியும். ‘பிடிக்கவில்லை என்றால் இரண்டு வருடத்தில் விற்றுவிடலாம்’ என்று நானும் நினைத்தேன். இரண்டு வருடம் கட்டியும் அசல் அப்படியேதான் இருந்த மாதிரி இருந்தது. அடுத்தது, மாறும் வட்டி. 8 என்பது 10 ஆனால், அதே 20 வருடத்துக்குத் தவணை சுமார் 15 விழுக்காடு கூடும். அந்தக் கூடுதலைத் தாங்க முடியுமா என்று இப்போதே பாருங்கள். தாங்காது என்றால் அந்த வீடு உங்களுக்குக் கட்டுப்படியாகாது.

* * *

நாங்கள் போன மாதம்தான் வாங்கினோம், அதனால் நல்ல அனுபவம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்.

எங்களுக்குப் பிடித்த ஊரில் முதலில் எட்டு மாதம் வாடகைக்கு இருந்தோம். வீட்டில் பெரியவர்கள் எல்லோரும் வாடகை வீண், அந்தப் பணத்தைத் தவணையாகக் கட்டலாமே என்றார்கள். எட்டு மாத வாடகையில் எங்களுக்குக் கிடைத்தது என்ன தெரியுமா? மழைக்காலத்தில் எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கும் என்று பார்த்தோம். முதலில் வாங்க நினைத்த வீடு அதே தெருவில். முழங்கால் அளவு தண்ணீரில் அந்த வீட்டுக்காரர் செங்கல் அடுக்கி அதன்மேல் நடந்து வெளியே வந்ததை நானே பார்த்தேன். கோடையில் எந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் வராது என்று தெரிந்தது. இருக்கிற ஒரே மருத்துவமனை ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும் என்று தெரிந்தது.

கடைசியில் அந்த ஊரில் வாங்கவில்லை. இரண்டு நிலையம் முன்னால், நகரத்துப் பக்கம், ஓர் அறை குறைவாக, பழைய கட்டடத்தில் வாங்கினோம். நிலையத்துக்கு 9 நிமிட நடை, நடுவில் கேட் கிடையாது. நானும் மனைவியும் ஆளுக்கொரு கைக்கடிகாரத்தோடு பத்து நாள் போய் வந்து பார்த்த பிறகுதான் முன்பணம் கொடுத்தோம். சாவி வாங்கிய அன்று மாலை அலுவலகத்திலிருந்து நேராகப் புது வீட்டுக்கு வந்தோம். ரயிலில் பின்னாலிருந்து மூன்றாவது பெட்டியில் ஏறினோம். அதுதான் எங்கள் நிலையத்தில் படிக்கட்டுக்கு நேராக நிற்கும்.