துக்க வீட்டில் கேட்டதில் எது உங்களிடம் தங்கியது? – குமரி மாவட்ட உறவுகளின் அனுபவப் பகிர்வு

நாகர்கோவிலிலிருந்து, தொடங்கி வைப்பவர்

என் மனைவி இறந்து இந்த ஆகஸ்டோடு ஒரு வருடம். கர்ப்பப்பைப் புற்றுநோய். கண்டுபிடித்த நாளிலிருந்து பதினோரு மாதம் இருந்தாள்.

நான் எங்கள் சி.எஸ்.ஐ. சபைக் கமிட்டியில் பதினைந்து வருடம் இருந்தவன். துக்க வீட்டுக்குப் போவதும் நாலு வசனம் சொல்வதும் எனக்குப் பழக்கமான வேலை. ‘கர்த்தருடைய சித்தம், நாம என்ன செய்ய முடியும்’ என்று எத்தனை வீட்டு முற்றத்தில் சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை. என் வீட்டுப் பந்தலுக்குக் கீழே, பிளாஸ்டிக் நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தபோது அதையே எனக்குச் சொன்னார்கள். அப்போதுதான் அது எவ்வளவு கனம் என்று தெரிந்தது. ஒருவர், ‘நல்ல பூவைத்தானே ஆண்டவர் பறிப்பார்’ என்றார். நல்ல மனுஷன், ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு அவரைப் பிடித்துத் தள்ள வேண்டும்போல் இருந்தது. கடைசி மாதத்தில் அவள் பட்டதைப் பார்த்தவன் நான். அதைப் பூப்பறிப்பது என்று யாரும் சொல்லக் கூடாது.

அடக்கம் முடிந்து எட்டாம் நாள் எங்கள் பழைய உபதேசியார் வந்தார். எண்பது தாண்டியவர், பேருந்தில் வந்திருந்தார். கட்டன் சாயா குடித்தார். பிறகு வேதப்புத்தகத்தைத் திறந்து 88ஆம் சங்கீதத்தை வாசித்துவிட்டு மூடினார். அவ்வளவுதான்.

புலம்பல் சங்கீதங்கள் நிறைய உண்டு. பெரும்பாலும் அழுகையில் தொடங்கி எங்காவது துதிக்குத் திரும்பிவிடும். இது கடைசி வரை திரும்புவதில்லை. பழகினவர்களும் மறைந்துபோனார்கள் என்ற வரியோடு நின்றுவிடுகிறது. இத்தனை வருடம் ஆலயத்துக்குப் போன நான் அதைக் கவனித்ததே இல்லை. உபதேசியார் போகும்போது வாசற்படியில் நின்று, ‘இத எழுதினவன யாரும் வெளிய தள்ளல, பாத்தியளா? உள்ளதான் வச்சிருக்கு’ என்றார். அன்று ராத்திரிதான் முதல்தடவையாக வாய்விட்டு அழுதேன்.

உங்களுக்கு யார் சொன்னது தங்கியது? அல்லது எது தங்கவில்லை? எழுதுங்கள்.

புலியூர்க்குறிச்சியிலிருந்து, பள்ளி ஆசிரியர்

இதைப் படித்ததும் உதயகிரிக் கோட்டை நினைவுக்கு வந்தது. என் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான்.

1741இல் குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படைக்கே தளபதியான டச்சுப் படைக்காரர் டிலனாயின் கல்லறை அங்கே இருக்கிறது. அரண்மனையில் வேலை பார்த்த நீலகண்ட பிள்ளை, மாடு செத்து, பொருள் போய் மனம் உடைந்திருந்த நேரத்தில் அவரிடம்தான் போய் முறையிட்டார். டிலனாய், சொத்தும் பிள்ளைகளும் பறிபோய்க் கடவுளோடே வழக்காடிய வேதாகம யோபுவின் கதையைச் சொன்னார். நீலகண்ட பிள்ளை 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனார். 2022 மே 15இல் புனிதர் பட்டம் கொடுத்தபோது மாவட்டமே கொண்டாடியதே, அவர்தான்.

மேடையில் இதைச் சொல்கிறவர்கள் ஒன்றை வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள் என்பது என் குறை. யோபுவுக்கு எல்லாம் இரட்டிப்பாகத் திரும்பி வந்தது. தேவசகாயத்துக்கு எதுவும் திரும்பி வரவில்லை. ஏழு வருடத்துக்குள், 1752 ஜனவரியில், ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். கதை சொன்ன டிலனாயும் பிற்பாடு பத்தொன்பது வயது மகனைப் போரில் இழந்தார். அந்த மகனும் அதே கோட்டைக்குள்தான் கிடக்கிறான்.

2021 மே மாதம் கொரோனாவில் என் தம்பி போனான். அடக்கத்தில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் ஆள். முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. ஊரடங்கு தளர்ந்ததும் கல்லூரி நண்பன் ஒருவன் வந்தான். கோட்டைக்குள் மரத்தடியில் மதியம் முழுக்க என் பக்கத்திலேயே இருந்தான், பேசவே இல்லை. யோபுவின் நண்பர்களும் முதல் ஏழு நாள் அப்படித்தான் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் கெடுத்தார்கள். கடைசியில் கடவுள் கோபித்துக்கொண்டது, தம்மோடு வழக்காடிய யோபுவை அல்ல, தமக்காக வாதாடிய இவர்களை. சாத்திரமாகப் பேச வருகிறவர்கள் அந்தக் கடைசி அதிகாரத்தை ஒருமுறை படித்துவிட்டு வரலாம்.

கருங்கல், ஓய்வுபெற்ற நர்ஸ்

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன் அண்ணா. என் வீட்டுக்காரர் போன நாளில் ‘ஆண்டவரே, உம் சித்தம்’ என்று நானேதான் சொன்னேன், யாரும் சொல்லித்தரவில்லை. அதைப் பிடித்துக்கொண்டுதான் இரண்டு பெண்பிள்ளைகளையும் கரை ஏற்றினேன். அடுத்தவர் சொல்லும்போது அது குத்தும் என்பது சரிதான். அதற்காக அந்த வார்த்தையே வேண்டாம் என்று ஆக்கிவிடாதீர்கள். எங்களில் சிலருக்கு வேறு கைத்தடி கிடையாது.

அருமனைப் பக்கம், ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி

எங்கள் வீட்டில் யாரும் இறக்கவில்லை. இங்கே எழுதலாமா என்று தெரியவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன்.

மூத்த பையனுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. வயது 22. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். விடிவதற்கு முன்னால் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு வெட்டப் போவேன். பால் எடுத்துக் கொடுத்துவிட்டு ஓடி வந்து அவனைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறுவேன். மழை பிடித்தால் வெட்டு இல்லை, கூலியும் இல்லை. ஆனால் டயாலிசிஸுக்கு மழை வெயில் கிடையாது.

ஆரம்பத்தில் ஒரு ஜெபக்கூட்டத்துக்குக் கொண்டுபோனோம். எந்தக் கூட்டம் என்று சொல்லமாட்டேன். பிரசங்கியார் அவன் தலையில் கைவைத்து, ஈஸ்டருக்குள் சுகம் என்று எல்லார் முன்னாலும் அறிவித்தார். ஈஸ்டர் வந்தது, சிறுநீரகப் பழுதைக் காட்டும் கிரியாட்டினின் அளவு ஏறியது. திரும்பப் போய்க் கேட்டால், வீட்டில் விசுவாசக் குறைவு இருக்கிறதாம். அந்தப் பழியைத் தலையில் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்தோம். பையன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, ‘அப்பா, எனக்கு விசுவாசம் இல்லியோ?’ என்று கேட்டான். அதோடு நான் ஜெபத்தை விட்டேன். எட்டு மாதம். குடும்ப ஜெபத்துக்கு எல்லாரும் பாயில் உட்காரும்போது நான் சிரட்டை கழுவுகிறேன் என்று வெளியே இருப்பேன்.

என் பெண்டாட்டி ஒரு நாளும் என்னைக் கூப்பிடவில்லை. ஒருநாள் கேட்டேன், ‘நான் வராதது உனக்குச் சங்கடமா?’ என்று. ‘இல்ல. ஒங்களுக்கும் சேத்துதான் நான் சொல்லுதேன்’ என்றாள். அப்புறம் வேதத்தில் வரும் அந்தத் திமிர்வாதக்காரன், கைகால் விளங்காதவன் கதையைச் சொன்னாள். நாலு பேர் கட்டிலோடு தூக்கி, வீட்டுக் கூரையைப் பிரித்து இறக்கினார்களே, இயேசு பார்த்தது *அவர்கள்* விசுவாசத்தை என்றுதான் எழுதியிருக்கிறதாம். படுத்திருந்தவன் என்ன நினைத்தான் என்று ஒரு வரி இல்லையாம். நான் போய் எடுத்துப் பார்த்தேன். ஆமாம், மாற்கு இரண்டாம் அதிகாரம், அப்படித்தான் இருக்கிறது.

இப்போது பாயில் உட்காருகிறேன். பேசுவதில்லை. பையனுக்கு மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிந்து வைத்திருக்கிறோம். கிடைக்குமா, எப்போது, ஒன்றும் தெரியாது. நாளைக்கு மழை இல்லை என்றால் வெட்டு உண்டு.

குளச்சல் பக்கம்

2004 டிசம்பர் 26, சுனாமி. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. நான் தென்னையைப் பிடித்துத் தப்பினேன், என் மகள் தப்பவில்லை. ஆறு வயது.

‘கடவுள் உன்னைக் காப்பாத்தினார்’ என்று என்னிடம் சொல்லாதவர்களே கிடையாது. அப்படியென்றால் அவளை? இதற்கு மட்டும் யாரிடமும் பதில் இல்லை. குடில் வைப்பதையும் நட்சத்திரம் தொங்கவிடுவதையும் பல வருடம் விட்டிருந்தோம். பிறகு மருமகள் வந்தாள், பேரன் வந்தான். அவன் கேட்டான் என்று ஒரு டிசம்பரில் நட்சத்திரம் வாங்கினேன். 25 ராத்திரி அதை அணைத்துவிடுவேன், 27 காலையில் திரும்பப் போடுவேன். பேரன் ஏன் என்று கேட்டான், சொன்னேன். இப்போது அவனே அணைக்கிறான்.

வேறு என்ன எழுத.

தூத்தூர் பக்கம், ஒக்கியில் அண்ணனை இழந்தவள்

‘இழந்தவள்’ என்று எழுதுவதற்கே எனக்குச் சில வருடம் ஆனது.

அண்ணன் போனது கொச்சியிலிருந்து, ஆழ்கடல் தூண்டிலுக்கு. 2017 நவம்பர் 30 புயல். கரையில் இருந்தவர்களுக்கே கடைசி நேரத்தில்தான் எச்சரிக்கை வந்தது. பல நாள் முன்பே போய், வயர்லெஸ் எட்டாத தூரத்தில் கிடந்தவர்களுக்கு என்ன தெரியும்? டிசம்பர் 7 அன்று குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்த ஆயிரக்கணக்கான பேரில் அம்மாவும் நானும் இருந்தோம். கேரளக் கரையில் உடல்கள் ஒதுங்குகின்றன என்றார்கள், மரபணுச் சோதனைக்கு ரத்தம் கொடுத்தோம். ஒவ்வொரு போன் மணிக்கும் அம்மா எழுந்து நிற்பாள். எங்களுக்கு எதுவும் பொருந்தி வரவில்லை.

காணாமல் போனவரை இறந்தவர் என்று எழுத சட்டத்தில் ஏழு வருடம் வேண்டும். ஒக்கிக்கு அரசு அதைத் தளர்த்தியது. நல்லதுதான், அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் சோறு வேண்டும். ஆனால் அந்தத் தாளில் கையெழுத்து போட்ட ராத்திரி வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. நாங்களே அவனைக் கொன்றுவிட்ட மாதிரி இருந்தது.

எங்கள் பங்குக் குரு, அச்சன் வந்து ஆத்துமப் பூசைக்குத் தேதி கேட்டார். அம்மா, ‘உயிரோட இருக்குறவனுக்கு ஏதுக்கு ஆத்துமப் பூசை?’ என்றாள். அச்சன் வற்புறுத்தவில்லை. இதற்காக அவரை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

முதல் வருட நினைவுப் பூசையில் அவர் எபிரெயர் நிருபத்தை வைத்துப் பிரசங்கம் செய்தார், நம்பிக்கை ஆத்துமத்துக்கு நங்கூரம் என்று. வெளியே வந்ததும் சித்தப்பா பிடித்துக்கொண்டார். முப்பது வருடம் ஆழ்கடல் போனவர். ‘அச்சா, ஆழ்கடல்ல நங்கூரம் தரை தொடாது. காத்து வந்தா எஞ்சின ஓட்டி அணியத்த, படகு முன்பக்கத்த, அலைக்கு நேரா புடிப்போம், அவ்வளவுதான்.’ அச்சன் யோசித்தார். அந்த நங்கூரமும் கண்ணுக்குத் தெரிகிற தரையில் போட்டதாக எழுதவில்லை, ஆலயத் திரைக்கு அந்தப்பக்கம், கடவுள் இருக்கும் இடத்துக்குப் போகிறது என்றுதான் எழுதியிருக்கிறது என்றார். சித்தப்பா தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். இன்றுவரை அவர் அதை முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை.

எங்கள் வீட்டில் ஜெபமாலை முடிந்ததும் அம்மா பெயர் சொல்லி வேண்டுவாள். முதலில் கடலில் இருப்பவர்கள். பிறகு நோயாளிகள். கடைசியில் மரித்தவர்கள். அண்ணன் பெயர் முதல் வரிசையில்தான் வரும், நாங்களும் ‘ஆமென்’ சொல்வோம். யாரும் திருத்தவில்லை. நவம்பர் 2, கல்லறைத் திருநாளில் எல்லாரும் அவரவர் குழியில் மெழுகுவர்த்தி ஏற்றும்போது அம்மா அப்பாவின் குழியோடு திரும்பிவிடுவாள்.

போன வருடம் கல்லறைத் திருநாளன்று கூட ஒரு மெழுகுவர்த்தி கொண்டு வந்திருந்தாள். கல்லறைத்தோட்டத்து நடுச் சிலுவைக்கடியில் அதை ஏற்றிவிட்டு, கடல்காற்றுக்கு அணையாமல் கையை வளைத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்றைய ஜெபமாலையில் மரித்தவர்கள் வரிசையிலும் அண்ணன் பெயர் வந்தது. முதல் வரிசையிலும் சொல்லியிருந்தாள். அண்ணியும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

பாய் சுருட்டும்போது மெல்லக் கேட்டேன், ‘அம்மா, ரெண்டுலயும் சொன்னியே?’

‘அவன் எதுல இருக்கான்னு நமக்குத்தான தெரியாது, அவருக்குத் தெரியாதா’ என்றாள். பிறகு, வாசல் விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டு வரச் சொன்னாள்.