சிங்கப்பூர்ல நல்ல ஹோட்டல்தான், ஆனா ரூம் 15 சதுர மீட்டராம். அம்மாவோட தங்க முடியுமா?

கரூர்க்காரன்:
வணக்கம் நண்பர்களே, டிசம்பர்ல அம்மா, மனைவி, நான் மூணு பேரும் சிங்கப்பூர் போறோம். அம்மாவுக்கு 68 வயசு, முட்டிவலி உண்டு, ஃப்ளைட் ஏறப்போறதே இதான் முதல் தடவை, அதனால நல்ல இடமா தங்க வைக்கணும்னு ரொம்ப ஆசை. சைனாடவுன்ல பழைய கடைவீட்டை மாத்தின ஒரு ஹோட்டல் பார்த்தேன், ஃபோட்டோல அவ்ளோ அழகா இருக்கு, ஒரு ராத்திரிக்கு 300 டாலர் ப்ளஸ் ப்ளஸ். ரூம் 15 சதுர மீட்டர்னு போட்டிருக்கு. மூணு பேர் படுக்கலாமா? இவ்ளோ காசு வாங்கிட்டு ஏன் இவ்ளோ சின்னதா குடுக்கறாங்க?

மீனா_தஞ்சோங்பகார்:
15 சதுர மீட்டர்னா சுமார் 160 சதுர அடி, பெரும்பாலும் பாத்ரூமையும் சேர்த்துதான் சொல்வாங்க. கட்டில் போக மிச்சத்துல ரெண்டு பெட்டியை விரிச்சு வைக்க முடியாது, மூணாவது ஆளுக்கு எக்ஸ்ட்ரா பெட் கேட்டாலும் இடம் இருக்காது. நான் இங்க பல வருஷமா இருக்கேன், அந்தக் கடைவீடுகளோட அமைப்பே அப்படித்தான், முன்பக்கம் குறுகலா இருக்கும், உள்ள நீளமா போகும், ரெண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர் ஒட்டியிருக்கும். 1989ல சைனாடவுன், லிட்டில் இந்தியா, கம்போங் கிளாம் எல்லாத்தையும் பாதுகாக்கப்பட்ட பகுதின்னு அறிவிச்சுட்டாங்க, இஷ்டத்துக்கு இடிச்சுக் கட்ட முடியாது. அதனால நடுவுல வர்ற சில ரூமுக்கு ஜன்னலே இருக்காது. புக் பண்றதுக்கு முன்னாடி ஜன்னல் இருக்கா, லிஃப்ட் இருக்கான்னு ரெண்டையும் மெயில்ல எழுதிக் கேட்டுருங்க, சில கட்டடத்துல மாடிப்படி மட்டும்தான், அதுவும் செங்குத்தா இருக்கும்.

அப்புறம் ப்ளஸ் ப்ளஸ்னா 10% சர்வீஸ் சார்ஜ், அதுக்கு மேல 9% ஜிஎஸ்டி. உங்க 300, பில்லுல 359.70 ஆயிரும்.

ராஜி_மதுரை:
அண்ணா, பாத்ரூம் ஃபோட்டோவை நல்லா பெருசு பண்ணிப் பாருங்க, இதை யாரும் சொல்ல மாட்டாங்க. சின்ன ரூம் பெருசா தெரியணும்னு பாத்ரூமுக்கு சுவருக்குப் பதிலா கண்ணாடி போட்டுடறாங்க. நாங்க மாமியாரோட அந்த மாதிரி ஒரு ரூம்ல ரெண்டு நாள் இருந்தோம், யாராவது குளிக்கப் போனா மத்தவங்க கீழ லாபில போய் உக்காருவோம், மாமியார் கூச்சப்பட்டு நடுராத்திரி எந்திரிச்சு குளிச்சாங்க. எனக்கு இன்னமும் மனசு கஷ்டமா இருக்கு.

செந்தில்_77:
நான் கொஞ்சம் மாத்திச் சொல்றேன். நானும் வீட்டம்மாவும் இதே மாதிரி சின்ன ரூம்ல நாலு நாள் இருந்தோம், மெத்தை, ஏசி, சத்தமில்லாத தூக்கம் எல்லாம் அருமை. இறங்கினா ரோட்டுல அஞ்சு நிமிஷ நடையில மாரியம்மன் கோயில், 1827ல நாராயண பிள்ளை ஆரம்பிச்சது, எதிர்ப்பக்கம் போனா மேக்ஸ்வெல் சாப்பாட்டுக் கடைங்க. அம்மா காலைல தானே நடந்து கோயிலுக்குப் போயிட்டு வரலாம், அது பெரிய விஷயம் ப்ரோ. ஆனா ரெண்டு பேருக்குத்தான் அந்த ரூம். மூணு பேர்னா அதே ஏரியாவுல புதுக் கட்டடத்துல ஃபேமிலி ரூம் பாருங்க, இல்லன்னா பக்கத்துப் பக்கத்து ரூம் ரெண்டு. இன்னொண்ணு, சென்னைல ராத்திரி ஃப்ளைட் ஏறினா விடியக்காலைல இறங்கிருவீங்க, ரூம் மதியம் மூணு மணிக்குத்தான் கிடைக்கும். பெட்டியை ரிசப்ஷன்ல வச்சுக்குவாங்க, ஆனா அம்மாவுக்கு உடனே படுக்கணும்ல, அதனால முந்தின ராத்திரிக்கும் சேர்த்து புக் பண்ணிடுங்க.

கரூர்க்காரன்:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். மெயில் போட்டுக் கேட்டேன், அந்த ஹோட்டல்ல லிஃப்ட் இல்லையாம், ரூம் மூணாவது மாடி. அதனால விட்டுட்டேன். கோயில் பக்கத்துலயே லிஃப்ட் இருக்குற இடத்துல 28 சதுர மீட்டர்ல மூணு கட்டில் ரூம் கிடைச்சுருக்கு, பாத்ரூமுக்குச் சுவர், மரக்கதவு எல்லாம் இருக்கு, ராஜி சொன்ன மாதிரி பெருசு பண்ணிப் பார்த்துட்டேன். முந்தின ராத்திரியும் சேர்த்தே போட்டுட்டேன். மீனா மேடம், மேக்ஸ்வெல் பக்கத்துல அம்மாவுக்கு காலைல இட்லி கிடைக்குமா, இல்ல லிட்டில் இந்தியாதான் போகணுமா?